இன்னம்பரில் தங்கி, புறம்பயம் தொழுது

ஐயா போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. தலைத் திதி முடிந்த நாலாம் நாள் அவருடைய மகள் கூப்பிட்டார். "தம்பி, அப்பா கடைசியா பார்க்கணும்னு கேட்டது ரெண்டே கோயில். இன்னம்பூர், திருப்புறம்பியம். அப்போ அவரை கார்ல உட்கார வைக்கவே முடியல. நாம போயிட்டு வந்துடலாமா?" என்றார். அக்கா கேட்டு எப்படி மறுப்பது? அக்கா, அவர் மகன், நான் என்று மூன்று பேரும் கும்பகோணத்திலிருந்து மதியத்துக்கு மேல் கிளம்பினோம். பையன் மடியில் ஐயாவின் நோட்டு ஒன்று இருந்தது.

93 வயது வரை வாழ்ந்தவர் ஐயா. பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த முப்பத்தைந்து வருடத்தையும் ஊருக்கே கொடுத்துவிட்டார். எந்த வாய்க்காலை யார் வெட்டினார்கள், எந்தத் தெருவுக்கு முன்னால் என்ன பெயர், எந்த மடத்தில் அன்னதானம் எப்போது நின்றது, எல்லாம் அந்த நோட்டுகளில் இருக்கும். கல்வெட்டு என்றால் தனிப் பிரியம். ஒரு கோயில் சுவரைப் படித்து முடித்தால் அத்தோடு வீட்டுக்குப் போகமாட்டார். அன்று சாயங்காலம் திண்ணையில் ஊராரைக் கூட்டி, "உங்க ஊர்ச் சுவர்ல இருக்கிறதை நீங்கதான் முதல்ல கேட்கணும்" என்று வாசித்துக் காட்டுவார். வயல் வேலை முடித்து வந்தவர்கள் ஈரக் காலோடு நின்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் இன்னம்பூர். தேவாரத்தில் இன்னம்பர். சுவாமி பெயர் எழுத்தறிநாதர். ஐயாவுக்கு இந்தப் பெயரைச் சொல்லும்போதே குரல் மாறும். கோயில் கணக்கு எழுதிய சுதன்மன் என்ற அடியாரின் கணக்கில் சோழ மன்னனுக்குச் சந்தேகம் வந்தது. சுதன்மன் கலங்கி நிற்க, ஈசனே அவர் உருவத்தில் போய்க் கணக்கைக் காட்டி ஐயம் தீர்த்தார் என்பது தலவரலாறு. அகத்தியர் தமிழ் இலக்கணம் உபதேசம் பெற்ற இடம் என்றும் சொல்வார்கள். இன்றும் பள்ளியில் சேர்க்கும் முன் பிள்ளைகளை இங்கே கூட்டிவந்து நெல்லால் நாக்கில் எழுதுகிறார்கள். நாங்கள் போனபோதும் ஒரு குழந்தை, எழுதி முடித்த கையோடு நாக்கை நீட்டியபடியே அம்மாவின் தோளில் கிடந்தது.

கொந்தார் குழலி, நித்திய கல்யாணி என்று அம்பாள் சந்நிதி இரண்டு. இரண்டிலும் அக்கா விளக்கேற்றினார். நான் சுவாமி சந்நிதியில் நின்று, அப்பர் இந்தத் தலத்துக்குப் பாடிய பதிகத்தை மெல்லச் சொன்னேன். என்னைவிட எனக்கு இனியவர் யாருமில்லை, ஆனால் என்னிலும் இனியவன் ஒருவன் இருக்கிறான், அவன் என் மூச்சாகவே வெளியே போய் உள்ளே வருகிறான் என்று பாடுகிறார். கடைசி மாதங்களில் ஐயாவுக்கு மூச்சு வாங்கும். அப்போதும் இந்தப் பாட்டைச் சொல்வார். பாதியில் நின்று, மூச்சு பிடித்து, மறுபடி தொடங்குவார். அந்த நிறுத்தங்களோடுதான் எனக்குப் பாட்டு மனப்பாடம். அன்றும் அதே இடங்களில் தானாக நின்றேன்.

அங்கிருந்து புறம்பியம் பக்கம்தான். தேவாரத்தில் புறம்பயம். தேவாரம் பாடிய காவிரி வடகரைத் தலங்களின் வரிசையில் 45, 46 என்று இரண்டும் அடுத்தடுத்து வரும். இந்த வழியில் போவதற்கு ஒரு காரணமும் உண்டு. சுந்தரர் நடந்த வழி இது. ஆறை மேற்றளியிலிருந்து வந்து இன்னம்பரில் தங்கினோம், ஈசன் நம்மை என்னவென்றுகூடக் கேட்கவில்லை, நெஞ்சே எழுந்திரு, "புறம்பயம் தொழப் போதுமே" என்று உரிமையோடு கோபித்துக்கொண்டு கிளம்புகிறார். ஐயா ஒவ்வொரு முறையும் இன்னம்பூர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அந்த அடியைச் சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். அன்று பையன் சொன்னான். யாரும் சொல்லித்தரவில்லை, தாத்தாவிடம் கேட்டுக் கேட்டு வந்தது.

பிரளய வெள்ளம் உள்ளே வராமல் புறத்திலேயே நின்றதால் புறம்பயம். அந்த வெள்ளத்தைத் தடுத்தவர் பிரளயம் காத்த விநாயகர். சங்கும் கிளிஞ்சலும் கடல்நுரையும் சேர்ந்து உருவான திருமேனி என்பார்கள். விநாயகர் சதுர்த்தி இரவில் மட்டும் தேனபிஷேகம், விடிய விடிய நடக்கும். ஊற்றுகிற தேன் அத்தனையும் உள்ளே போய்விடும். மற்ற நாளில் அபிஷேகமே கிடையாது. ஒரு சதுர்த்திக்கு ஐயாவோடு இங்கே இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். விடியும்போது அவர் கண் கலங்கியிருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

மூலவர் சாட்சிநாதர். திருவிளையாடற் புராணத்தில் வரும் கதைதான். மணம் பேசிய பெண்ணோடு மதுரைக்குப் போகும் வணிகன் இங்கே பாம்பு தீண்டி இறக்கிறான். திருஞானசம்பந்தர் அவனை எழுப்பி, இந்த ஊர் வன்னியையும் கிணற்றையும் லிங்கத்தையும் சாட்சியாக வைத்து மணம் செய்து வைக்கிறார். பின்னால் மதுரையில் மூத்தாள் "உன் கல்யாணத்துக்கு யார் சாட்சி?" என்று கேட்க, மூன்றும் அங்கேயே போய் நின்றன. மீனாட்சி கோயிலில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். கரும்பன்ன சொல்லம்மையைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "அப்பாவும் யாராவது கூப்பிட்டா எழுந்து போய் சாட்சி சொன்னவர்தானே தம்பி." உண்மை. ஒருமுறை பக்கத்து ஊர்க் கோயிலில் திருப்பணி என்று மணலைப் பீய்ச்சியடித்துச் சுவரைச் சுத்தம் செய்ய வந்தார்கள். அப்படி அடித்தால் எழுத்து மேலோடு போய்விடும். 80 வயதில் ஐயா சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். யாரையும் திட்டவில்லை. வந்தவர்களுக்கே அந்தக் கல்லைப் படித்துக் காட்டினார். கடைசியில் தண்ணீரும் தேங்காய் நாரும் வைத்துக் கழுவினார்கள்.

இந்த ஊர் அவருக்குக் குரு பிறந்த ஊரும்கூட. தி. வை. சதாசிவ பண்டாரத்தார் 1892-ல் இங்கே பிறந்தவர். கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே கல்வெட்டு தேடி அலைந்தவர், பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனவர், 1960-ல் மறைந்தார். பிற்காலச் சோழர் வரலாற்றை எழுதிய அதே கையால் தன் ஊருக்கும் தல வரலாறு எழுதினார். ஐயா அவரை நேரில் பார்த்ததில்லை. படித்து மட்டுமே குருவாக ஏற்றார்.

கி.பி. 880-ஐ ஒட்டி இந்த மண்ணில்தான் பெரும் போர். பாண்டியன் வரகுணன் ஒரு பக்கம். பல்லவன் அபராஜிதன், ஆதித்த சோழன், கங்க மன்னன் பிரிதிவீபதி மறுபக்கம். பாண்டியன் தோற்றான், ஆனால் பிரிதிவீபதி களத்திலேயே இறந்தான். தன் உயிரைக் கொடுத்து, நண்பனின் அபராஜிதன், அதாவது தோற்காதவன், என்ற பெயரைப் பொருளுள்ளதாக்கினான் என்று உதயேந்திரம் செப்பேடு சொல்கிறது. சோழர் தலையெடுத்தது இதற்குப் பிறகுதான். இதை ஐயா போர்க் கதையாகச் சொல்லமாட்டார், நட்பின் கதையாகச் சொல்வார். எனக்கும் இப்போது அப்படித்தான் நினைவிருக்கிறது.

வெளிச் சுற்றில் பையன் நோட்டைப் பிரித்தான். முதல் பக்கத்தில் கோயில் பெயர் எதுவும் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, 96 ஆடு விடும்போது வரும் சொல்லை மட்டும் பெரிதாக எழுதியிருந்தார்: சாவா மூவாப் பேராடு. ஆடு சாகும், கிழடாகும். ஆனால் குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் வைத்துக்கொள்வது இடையரின் பொறுப்பு, விளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய் வந்துகொண்டே இருக்கும். "தாத்தா, ஆடு எப்படி சாகாம இருக்கும்?" என்று சின்ன வயதில் கேட்டு நச்சரித்தவன், அன்று அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் திருப்பவே இல்லை.

அப்புறம் இந்தக் கோயிலுக்கான பக்கம் வந்தது. ஒரு வரியை எடுத்தெழுதி, படிக்க முடியாத எழுத்துகளுக்குப் புள்ளி வைத்திருந்தார். நாலு புள்ளி. ஓரத்தில் "மறுபடி பார்க்கணும்" என்று குறிப்பு. தேடிப் பிடித்தோம். ஐயா எப்போதும் உச்சி வெயிலில் வந்து போனவர், பஸ் அப்படி. நாங்கள் நின்றது சாயங்காலத்தில். வெயில் சாய்ந்து கல்லை உரசியதுபோல் விழ, குழிகளில் நிழல் தங்கியது. மூன்று எழுத்து அப்போதும் தெரியவில்லை. ஒன்று தெரிந்தது. சுழியும் வாலுமாக, சந்தேகமில்லாத ஒரு ழ.

பையன் என்னைப் பார்த்தான். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கைப்பையில் துழாவிப் பென்சில் எடுத்துக் கொடுத்தார். அவன் மூன்றாவது புள்ளியை அழிக்காமல், அதன் மேலேயே சின்னதாக எழுதினான். உள்ளே சாயரட்சை மணி அடித்தது.