ஊறுகாய் இடதுசாரி ஆன கதை

எங்கள் தெருவுக்கு ஞாயிறுதோறும் வரும் பழைய பேப்பர்காரரிடம் கொக்கி போட்ட ஸ்பிரிங் தராசு ஒன்று உண்டு. யானையைத் தொங்கவிட்டாலும் அதன் முள் நான்கு கிலோவைத் தாண்ட யோசிக்கும். இது எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். தெரிந்தும், ஜவ்வாது மலைக்கு சைக்கிளில் போகக் கட்டிய மூட்டைகளை அதில்தான் எடை போட்டேன். வீட்டில் வேறு தராசு இல்லை, அவரும் சரியாக அந்த நேரத்தில் வாசலில் வந்து நின்றார்.

கேரியரின் வலது பை நான்கு கிலோ. இடது பையும் நான்கு. கேரியர் மேல் கட்டும் கூடாரமும் படுக்கைப் பையும் சேர்ந்து இரண்டரை. ஹேண்டில்பார் பை ஒன்று. மொத்தம் பதினொன்றரை.

"ரெண்டு பக்கமும் கரெக்டா நாலு நாலு சார். தராசுல வச்ச மாதிரி இருக்கு" என்றார். தராசில்தானே வைத்தோம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

கூட வரவிருந்த நண்பன் இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவன். "எவ்வளவு எடைங்கிறதை விடு, எதை எங்க வச்சிருக்கேன்னு சொல்லு" என்று போனில் கேட்டான். "எல்லாம் பின்னாடிதான்டா, கேரியர் எதுக்கு இருக்கு?" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "சரி, வா" என்றான்.

கிளம்பும் அன்று விடியற்காலையில் அம்மா ஒரு கண்ணாடி பாட்டிலில் மாங்காய் ஊறுகாயும் ஒரு டப்பா முறுக்கும் கொண்டுவந்தார். "காட்டுல என்னத்த சாப்பிடுவ?" ஊறுகாயை மட்டும் சாப்பிட்டு எப்படி உயிர் வாழ்வது என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அடுப்பு, அரிசி, ஸ்பானர் செட், இரண்டு டியூப், இரண்டு லிட்டர் தண்ணீர் எல்லாம் ஏற்கெனவே இருந்த வலது பையிலேயே பாட்டிலையும் செருகினேன். வாய் அகலமாகத் திறந்திருந்த பை அதுதான்.

வேலூரிலிருந்து நெடுஞ்சாலையில் லாரிகளோடு உரசிக்கொண்டு போவானேன் என்று, சைக்கிள்களைக் குட்டியானையில் ஏற்றி ஆலங்காயத்தில் இறங்கினோம். அங்கிருந்து காவலூர் ஏற்றம். தார்ச் சாலை வரைக்கும் மானம் தப்பியது. கொஞ்சம் மூச்சு வாங்கியது, ஹேண்டில் லேசாகக் குடிகாரன் நடை நடந்தது, அவ்வளவுதான். காவலூரில் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டம் கொண்டது. 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "டன் கணக்குல எடை. ஆனா பேலன்ஸ் பண்ணி நிறுத்தியிருக்காங்க, நட்சத்திரத்தோட சேர்ந்து நைசாத் திரும்பும்" என்றான் நண்பன், என் கேரியரைப் பார்த்தபடி.

ஜமுனாமரத்தூர் தாண்டி, சாமை வயல்களுக்கு நடுவே ஊருக்கும் ஊருக்கும் போகிற மண் பாதையில் இறங்கினோம். (காட்டுக்குள் போகிற தடங்களுக்கு வனத்துறை அனுமதி வேண்டும், எங்கள் வீரமெல்லாம் ஊர்ப் பாதையோடு சரி.) முதல் மேட்டில் இருப்பதிலேயே லேசான கியரைப் போட்டு ஒரு மிதி மிதித்தேன். முன் சக்கரம் ஆட்டுக்குட்டி மாதிரி முன்னங்காலைத் தூக்கியது. நான் கேரியர் மேல் கட்டியிருந்த கூடாரத்தின் மீது மல்லாந்தேன். அந்த மூட்டையால் அன்று கிடைத்த ஒரே பிரயோசனம் அதுதான்.

இதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம், கிணற்று ஏற்றம் பார்த்தவர்களுக்கே புரியும். சும்மா உட்கார்ந்தாலே நம் எடையில் பாதிக்கு மேல் பின் சக்கரத்தில்தான் இறங்குகிறது. அதோடு மூட்டை முழுவதையும் நான் பின்னால் ஏற்றியிருந்தேன். போதாததற்கு, மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறது என்று இரண்டு பைகளையும் சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் தள்ளி மாட்டியிருந்தேன். பின்பக்கம் அமுங்க அமுங்க முன்பக்கம் எழும்பாமல் என்ன செய்யும்? மேட்டில் இப்படி. இறக்கத்திலோ, கேரியர் வால் மாதிரி ஆட, பின் பிரேக்கைப் பிடித்தால் பின்னால் இருக்கிற மொத்தமும் என்னை முந்திக்கொண்டு போகப் பார்த்தது.

ஆனால் எனக்குப் பிடிபடாதது வேறொன்று. மாட்டு வண்டித் தடத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் நான் வலது பக்கமாகவே விழுந்தேன். நான்கு தடவை. நான்கும் வலதுபுறம்.

"இடது பக்கம் ஒரு தடவையாவது விழுடா, பார்க்கிற எனக்கே போரடிக்குது" என்றான் நண்பன்.

"ரெண்டும் நாலு நாலு கிலோடா!"

"எந்தத் தராசுல போட்ட?"

சொன்னேன். சைக்கிளைப் படுக்க வைத்துவிட்டு அவனும் பக்கத்தில் படுத்துச் சிரித்தான்.

திரும்ப ஜமுனாமரத்தூருக்கே உருட்டிக்கொண்டு வந்தோம். சாமையும் புளியும் வாங்குகிற ஒரு கடையில் எலக்ட்ரானிக் தராசு இருந்தது. கடைக்கார ஐயாவிடம் கெஞ்சி ஒவ்வொன்றாக வைத்தோம். வலது பை 6.4. இடது 4.2. கேரியர் மேல் மூட்டை 3.8. முன்னால் 2.8. மொத்தம் 17.2 கிலோ. சிவப்பு எண்களைப் பார்த்தபோது எனக்கு என் சைக்கிள் ஞாபகம் வரவில்லை. இத்தனை வருடம் போட்ட பேப்பர்தான் ஞாபகம் வந்தது.

அப்புறம் கடைத் திண்ணையில் குடித்தனத்தையே பிரித்துப் போட்டோம். கனமானதெல்லாம் கீழேயும் நடுவிலும் வர வேண்டும், அதாவது சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் பெடலுக்கும் நடுவே இருக்கிற சைக்கிள் பிரேமின் முக்கோணத்துக்குள். அதற்கென்று தைத்த பை நண்பனிடம் இருந்தது, என்னிடம் இல்லை. என்னிடம் இருந்தது ஒரு மஞ்சப்பை, யாரோ ஒருவருடைய இல்லத் திருமண விழாவில் தாம்பூலத்தோடு கொடுத்தது. ஸ்பானர், டியூப், அரிசி, அடுப்பு என 3.3 கிலோவை அதில் தட்டையாக அடுக்கி, முழங்கால் இடிக்காத அளவுக்கு ஒடுக்கி, கிழித்த பழைய டியூபால் முக்கோணத்துக்குள் இறுக்கினோம். படுக்கைப் பை இடத்தை அடைக்கும், கனக்காது. அது ஹேண்டிலுக்குப் போனது, பிரேக் ஒயர் நசுங்காமல். முன் சக்கரத்தைக் கவ்வியிருக்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் பக்கத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பின் பைகளைக் குதிகால் தொட்டும் தொடாத அளவுக்கு முன்னால் இழுத்தோம்.

கடைசியில் ஊறுகாய். எல்லாம் மாற்றிய பிறகும் வலது பக்கம்தான் தாழ்ந்து நின்றது. பாட்டிலை எடுத்து இடது பையில் வைத்தேன். 4.6, 4.5. "ஊறுகாய் இடதுசாரி ஆயிடுச்சு" என்றான் நண்பன். இந்த வாக்கியத்தை அந்தப் பயணத்தில் குறைந்தது இருபது தடவை சொன்னான்.

எல்லாவற்றையும் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்த ஐயா மனக்கணக்காகக் கூட்டினார். "அதே பதினேழே கால்தானே தம்பி வருது? ஒரு கிலோகூட குறையலையே, இதுக்கா ஒரு மணி நேரம்?"

பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அதே மேட்டில் முன் சக்கரம் மண்ணிலேயே இருந்தது. மூச்சு அதே அளவு வாங்கியது, எடை எங்கும் போய்விடவில்லையே. சொன்ன பக்கம் சைக்கிள் திரும்பியது என்பதுதான் வித்தியாசம். இறக்கத்தில் ஒரே ஒரு தடவை விழுந்தேன். இடது பக்கம். நண்பன் கை தட்டினான்.

குறைகள் இல்லாமல் இல்லை. மஞ்சப்பையின் சாயம் வியர்வையில் இறங்கி என் இரண்டு முழங்காலும் மஞ்சள் பூசிக்கொண்டன. கேரியரின் போல்ட் ஒன்று குலுக்கலில் கழன்று எங்கோ விழுந்துவிட்டது. முறுக்கு ஸ்பானர் செட்டுக்கு அடியில் கிடந்து மாவாகவே திரும்பியிருந்தது. சோற்றில் போட்டு, மேலே ஊறுகாய் எண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது.

அடுத்த ஞாயிறு பேப்பர்காரர் வரும் நேரம் பார்த்து வாசலில் காத்திருந்தேன். கையில் தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டில். லிட்டருக்கு ஒரு கிலோ. இதைக் கொக்கியில் மாட்டி முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவது, அதற்குப் பிறகுதான் பேப்பர் கட்டைக் கொண்டுவருவது என்று திட்டம். அவர் வண்டியை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், இடுப்பிலிருந்த தராசைப் பார்த்தார்.

"என்ன வெயில் சார்!" என்று கையிலிருந்து பாட்டிலை வாங்கி, அண்ணாந்து பாதிக்கு மேல் குடித்துவிட்டு, மீதியில் முகத்தையும் கழுவிக்கொண்டார்.