ஏர் பிஸ்டல்ல காத்து நிக்கல: ஒரு ஓ-ரிங்குக்காக அலைஞ்ச மூணு வாரம்

எங்க பாப்பா 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுறா, காலேஜ் ரெண்டாவது வருஷம். புதுசு வாங்க வசதி பத்தல, ஒரு சீனியர் கிட்ட இருந்து செகண்ட் ஹேண்ட்ல ஐரோப்பாவுல செஞ்ச பிஸ்டல் ஒண்ணு வாங்கினோம், ஒரு வருஷம் தங்கமா ஓடுச்சு. போன வருஷம் ஸ்டேட் மேட்ச்சுக்கு மூணு வாரம் இருக்கறப்போதான் குரூப் (குண்டெல்லாம் சேர்ந்து விழற இடம்) கீழ இறங்க ஆரம்பிச்சுது, பத்து எடுக்கற புள்ளைக்கு ஒம்போது, எட்டுன்னு எல்லாம் ஆறு மணி பக்கமாவே, அதாவது டார்கெட்டோட கீழ்ப்பக்கமே விழுது. நான் அவளைத்தான் திட்டுனேன், மணிக்கட்டு தொங்குது, சுட்டப்புறமும் கையை அசையாம வைக்கற ஃபாலோ த்ரூ இல்லைன்னு. ரெண்டு நாள் சரியா சாப்பிடாம படுத்திருந்தா. அதை நினைச்சா இன்னிக்கும் மனசு கஷ்டமா இருக்கு, ஏன்னா தப்பு அவ கையில இல்ல, பிஸ்டல்ல.

இந்த பிஸ்டல் குண்டைத் தள்ளறது சிலிண்டர்ல அடைச்சு வச்ச காத்து, அதோட அழுத்தத்தை பார் கணக்குல ஒரு கேஜ் காட்டும். கோச்சுதான் சொன்னாரு, "ராத்திரி சிலிண்டர் கேஜ் எவ்வளவு காட்டுதுன்னு எழுதி வைங்ணா, காலைல மறுபடி பாருங்க"ன்னு. ராத்திரி 190 பார், காலைல 130. அப்புறம் குண்டோட வேகத்தை அளக்கற க்ரோனோகிராஃப் வச்சு பத்து குண்டு சுட்டுப் பாத்தோம். இந்த வகை பிஸ்டல்ல குண்டு நொடிக்கு 150 மீட்டர் சுமாருக்குப் போகணும், குண்டுக்கு குண்டு ரெண்டு மூணு மீட்டருக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது, எங்களுக்கு 148, 131, 139ன்னு இஷ்டத்துக்கு வந்துச்சு. 150 வேகம் 130 ஆச்சுன்னா 10 மீட்டர்ல குண்டு சுமாரா 7 மில்லிமீட்டர் கீழ இறங்கிரும், டார்கெட்ல ஒரு ரிங்கோட அகலமே 8 மில்லிமீட்டர்தான், அதாவது புள்ள பத்துக்கு நல்லா சுட்ட குண்டு கூட டார்கெட்ல ஒம்போதா விழலாம்.

முதல்ல நான் ரெண்டும் ஒரே கோளாறுன்னுதான் நினைச்சேன். ராத்திரி காத்து இறங்கினாலும் உள்ள ரெகுலேட்டர்னு ஒண்ணு இருக்கு, சிலிண்டர்ல 190 இருந்தாலும் 130 இருந்தாலும் அது குண்டுக்குப் பின்னாடி ஒரே அழுத்தம்தான் விடும், அதனால கேஜ் குறையறதுக்கும் குண்டு கீழ விழறதுக்கும் சம்பந்தம் இல்ல, தனித்தனியா தேடணும்னு கோச்சு புரிய வச்சாரு.

சிலிண்டரை கழட்டி தனியா ஒரு ராத்திரி வச்சோம், காலைல கேஜ் அசையவே இல்ல. அப்போ சிலிண்டர் நல்லாத்தான் இருக்கு, அது பிஸ்டலோட சேர்ற இடத்துலதான் லீக். மறுபடி மாட்டி அந்த ஜாயின்ட்ல சோப்புத் தண்ணி தொட்டு வச்சதும் பொடிப்பொடியா நுரை கிளம்புச்சு. அடுத்தது குண்டு போடற இடம், பிஸ்டலை பத்திரமா டார்கெட் பக்கம் திருப்பி வச்சு அந்த இடத்து (ப்ரீச்) மேல ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டைப் போட்டு சுட்டா பேப்பர் துள்ளுது, காத்து முழுசா குண்டுக்குப் பின்னாடி போகாம பக்கவாட்டுல கசியுது. ரெண்டு இடத்துலயும் ஓ-ரிங்னு சொல்ற ரப்பர் வளையம் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான் விஷயம்.

ஆனா ஸ்பேர் வாங்கறதுதான் பெரும்பாடு. வேற ஊர்ல இருக்கற ஒரு டீலருக்கு போன் பண்ணா நாலு நாள் "பாத்து சொல்றேன்"தான், வெளிநாட்டுல இருந்து சீல் கிட் வரவைக்கணும்னா ஷிப்பிங், டியூட்டி எல்லாம் சேத்து மேட்ச் முடிஞ்சப்புறம்தான் கைக்கு வரும். நாங்க இருக்கறது கோயமுத்தூர்ங்க, பம்பு, மோட்டார், ஹைட்ராலிக் வேலை நடக்கற ஊர்ல ஒரு ஓ-ரிங் கிடைக்காதான்னு பழசு ரெண்டையும் ஒரு தீப்பெட்டில போட்டு எடுத்துட்டு சீல் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் வெர்னியர் வச்சு உள்விட்டம், தடிமன் ரெண்டையும் அளந்து அடுத்த நிமிஷமே எடுத்துக் குடுத்துட்டாரு, ஒண்ணு 15 ரூபா. ஜெயிச்ச மாதிரி வீட்டுக்கு வந்து மாட்டுனேன்.

மூணே நாள். மறுபடி லீக். கழட்டிப் பாத்தா சிலிண்டர் பக்கம் போட்ட வளையம் ஓரம் பிதுங்கி நைஞ்சு போயிருக்கு. திரும்பக் கடைக்குப் போனேன். எத்தனை பார் தாங்கணும்னு நான் முதல்லயே சொல்லாததுதான் தப்பு. 200 பார்னு சொன்னதும் அவரே பதறிட்டாரு, "நான் குடுத்தது சாதா நைட்ரைல் ரப்பர், கெட்டித்தன்மை 70 ஷோர்ங்க, இதுக்கு 90 வேணும்"னு கெட்டியான ரப்பர்ல அதே சைஸ் குடுத்தாரு. அது இன்னிக்கு வரைக்கும் அப்படியே நிக்குது. கடைக்குப் போறவங்க சைஸ் மட்டும் கேக்காதீங்க, எத்தனை பார், எத்தனை ஷோர் ரெண்டையும் சொல்லிக் கேளுங்க. ப்ரீச் வளையத்துக்கு அவ்வளவு அழுத்தம் இல்ல, அதுக்கு 70 போதுமா இருந்துச்சு.

இன்னொண்ணு கண்டிப்பா சொல்லணும். மாட்டறப்போ பக்கத்துல ஒருத்தர் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடச் சொன்னாரு. தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க, அந்த அழுத்தத்துல எண்ணெய் ஆவி தீப்பிடிச்சு வெடிக்கற ஆபத்து இருக்கு, ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் விரல் நுனில பட்டும் படாம தடவினா போதும். சிலிண்டர் வால்வு, கேஜ், ரெகுலேட்டர் இதையெல்லாம் நான் தொடவே இல்ல, அது தெரிஞ்சவங்க வேலை. காத்து அடிக்கறதும் நிதானமா அடிக்கணும், வேகமா நிரப்புனா சிலிண்டர் சூடாகி 200 காட்டும், ஆறினதும் 190க்கு வந்துரும், நான் அதையும் லீக்குனு நினைச்சு ஒரு ராத்திரி தூங்கல.

இதுல தற்செயலா கண்ணுல பட்டது சிலிண்டர்ல அடிச்சிருந்த தேதி. சர்வதேச விதிப்படி ஏர் சிலிண்டருக்கு அதிகபட்சம் பத்து வருஷம்தான், எங்களோடதுக்கு நாலு மாசம்தான் பாக்கி. செகண்ட் ஹேண்ட் வாங்கறப்போ நாங்க அதைப் பாக்கவே இல்ல. மேட்ச்சுக்கு ஓடும், அடுத்த சீசனுக்கு ஓடாது, புது சிலிண்டருக்குப் பணம் சேக்க ஆரம்பிச்சோம்.

பாப்பாவுக்கு பிஸ்டல் விஷயத்துல இவ்வளவு பயம் வர்றதுக்குக் காரணம் நம்ம நாட்டு பிஸ்டல் வீராங்கனை மனு பாக்கர். டோக்கியோ ஒலிம்பிக்ல 2021 ஜூலை 25ஆம் தேதி தகுதிச் சுற்று நடுவுல பிஸ்டல் கோளாறாகி, சரி பண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள நேரம் ஓடி, 600க்கு 575 எடுத்து ரெண்டே புள்ளில ஃபைனல் போச்சு. அன்னிக்கு டிவி முன்னாடி பாப்பா அழுதது எனக்கு ஞாபகம் இருக்கு. 2024 பாரிஸ்ல அதே பொண்ணு ரெண்டு வெண்கலம் வாங்கினப்போ தெருவே கேக்கற மாதிரி கத்துனா.

மேட்ச் அன்னிக்கு பிஸ்டலைச் சோதிக்கற எக்யூப்மென்ட் கன்ட்ரோல்ல ட்ரிகர்ல 500 கிராம் எடையை மாட்டி பிஸ்டலைத் தூக்குனாங்க, ட்ரிகர் அதைத் தாங்கணும், நாங்க கொஞ்சம் கூட வச்சு 510ல செட் பண்ணிருந்தோம், எடை விழாம நின்னுச்சு. சிலிண்டர் தேதியையும் பாத்துட்டு ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்துட்டாங்க. 75 நிமிஷம், 60 குண்டு, நான் பின்னாடி உக்காந்து ஸ்கோர் பாக்கவே இல்ல, விழற இடத்தை மட்டும்தான் பாத்துட்டு இருந்தேன், ஒண்ணு கூட காரணம் இல்லாம கீழ இறங்கல. 559, அவளோட பெஸ்ட்டை விட மூணு கூட.

இப்போ அவ பெட்டில தீப்பெட்டி சைஸ்ல ஒரு டப்பா இருக்கு, 90 ஷோர் நாலு, ப்ரீச் வளையம் நாலு, சிலிகான் கிரீஸ், ஆலன் கீ ரெண்டு. போன மாசம் ப்ரீச் வளையத்தை அவளே மாத்திக்கிட்டா, நான் டார்ச் மட்டும் புடிச்சேன்.