கஞ்சிக்கோட்டில் பட்டறை, மதுக்கரையில் கிடங்கு: பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவில் கால் இடறும் இடங்கள்

கேரள எல்லையில் வாளையாறு சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் பட்டறை, இந்தப் பக்கம் கிடங்கு வைத்திருப்பவர்களின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு வேலைகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான். சதவீதத்தில் யாரும் தவறுவதில்லை, அதைப் போட்டுக்கொடுக்கக் கணினி இருக்கிறது. தவறுவது ஆள் எண்ணிக்கையிலும் பெயரிலும்.

முதலில் எண்ணிக்கை. கஞ்சிக்கோட்டில் 12 பேர், மதுக்கரையில் 9 பேர், "ரெண்டும் இருபதுக்குக் கீழேதானே" என்று இருந்துவிடுகிறார்கள். பி.எஃப். சட்டம் கிளைகளைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. எந்த ஊரில் இருந்தாலும், எந்த மாநிலத்தில் இருந்தாலும் ஒரே நிறுவனம்தான். 12-ம் 9-ம் 21, இருபதைத் தொட்ட நாளிலிருந்தே பொறுப்பு தொடங்கிவிட்டது. பிறகு இரண்டு பேர் நின்று 19 ஆனாலும் வெளியே வர முடியாது. இ.எஸ்.ஐ.க்கு வரம்பு 10 பேர், அங்கும் எண்ணிக்கை குறைந்ததால் விடுதலை கிடையாது. ஒப்பந்தக்காரர் மூலம் வரும் ஆட்களும் கணக்கில் உண்டு. மூட்டை ஏற்றி இறக்குகிறவர், காவலாளி இருவரையும் விட்டுவிட்டு எண்ணுவதுதான் வழக்கமான தப்பு.

பி.எஃப்.பில் ஒரே குறியீட்டின் (நிறுவனத்துக்குக் கொடுக்கும் பதிவு எண்) கீழ் இரண்டு இடத்து ஆட்களையும் வைத்துக்கொள்ளலாம். இ.எஸ்.ஐ.யில் அடுத்த மாநிலக் கிளைக்குத் துணைக் குறியீடு தனியாக வாங்க வேண்டும். முதன்மைக் குறியீட்டின் கணக்குக்குள் போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதை மறந்து கிளைக்குப் புதிய முதன்மைக் குறியீடு வாங்கிவிட்டால், பின்னால் சரிசெய்யும் அலைச்சல் பதிவு செய்த வேலையைவிடப் பெரிது.

அடுத்தது பெயர். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்களிடம் இதுதான் பெரிய தலைவலி. வீட்டில் ஆறுமுகம், ஆதாரில் ஆறுமுகன். பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்து முன்னால், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். 2025 ஆகஸ்ட் முதல் புதிய பி.எஃப். உறுப்பினர் எண், மத்திய அரசின் உமங் செயலியில் முகம் காட்டி ஆதாரை வைத்தே உருவாகிறது. ஆதாரில் இருக்கும் எழுத்துதான் அப்படியே பி.எஃப்.பில் ஏறும். அதனால் எண் எடுப்பதற்கு முன்பே ஆதார், பான், வங்கிப் புத்தகம் மூன்றையும் மேசையில் பரப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் வேண்டுமானால் ஆதாரில் முதலில். பழைய எண் வைத்திருப்பவரிடம், "முன்னே வேலை பார்த்த இடத்திலே பி.எஃப். பிடிச்சாங்களா?" என்று கேட்காமல் புதிது எடுக்கக் கூடாது. இரண்டு எண் ஆகிவிட்டால் ஓய்வூதியத்துக்கான சேவைக் காலம் பிரிந்து கிடக்கும். பணம் எடுக்கப் போகும் நாளில்தான் அது தெரியவரும்.

கணக்கு எப்படி என்று ஓர் உதாரணம். அடிப்படைச் சம்பளம் 8,000, எல்லோருக்கும் ஒரேமாதிரி கொடுக்கும் சிறப்புப் படி 4,000. எட்டாயிரத்துக்கு மட்டும் பி.எஃப். கட்டினால் 960 ரூபாய், மிச்சம் போல் தெரியும். 2019 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் படியும் சம்பளத்தில் சேரும். ஆகவே 12,000-க்குத்தான் கட்ட வேண்டும். தொழிலாளி பங்கு 12 சதவீதம், 1,440. முதலாளி பங்கும் 1,440, அதில் சம்பளத்தின் 8.33 சதவீதமான 1,000 ஓய்வூதியத்துக்கும் மீதி 440 வைப்பு நிதிக்கும் போகும். காப்பீட்டுக்கு 60, நிர்வாகக் கட்டணம் 60. நிர்வாகக் கட்டணம் நிறுவனம் முழுமைக்கும் மாதம் குறைந்தது 500 ரூபாய். இ.எஸ்.ஐ. தொழிலாளியிடம் 0.75 சதவீதம், 90 ரூபாய்; முதலாளி 3.25 சதவீதம், 390 ரூபாய்.

2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபின், ஊதியத்தில் சேராமல் விலக்கு உள்ள படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையும் ஊதியமாகிவிடும். படிகளாகப் பிரித்துப் போட்டு நிதியைக் குறைக்கும் பழைய வித்தைக்கு இனி இடம் குறைவு. சம்பளப் பட்டியலை இப்போதே திருப்பி எழுதுவது நல்லது.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் பணம் கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 15. சலான் போட்டதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், வங்கியில் பணம் போய்ச் சேர வேண்டும். பதினைந்தாம் தேதி மாலை தளம் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்துக்குள் முடித்துவிடுங்கள். தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி உண்டு, பி.எஃப்.பில் 2024 ஜூன் முதல் அபராதம் தனியாக மாதத்துக்கு 1 சதவீதம். தொழிலாளி பங்கைப் பிடிக்க மறந்துவிட்டால், அடுத்த மாதம் சேர்த்துப் பிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். தற்செயலான எழுத்துப் பிழை என்றால்தான் அதற்கு வழி. இல்லாவிட்டால் முதலாளி கையிலிருந்துதான் போகும்.

இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 21,000. ஜூனில் ஒருவருக்குச் சம்பளம் கூட்டி வரம்பு தாண்டினால், அந்த மாதமே நிறுத்திவிடுகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அது முடியும்வரை முழுச் சம்பளத்துக்கும் கட்டியாக வேண்டும். அந்தப் பங்களிப்புக்கான பயன்காலம் (உதவி கிடைக்கும் காலம்) அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. நடுவில் நிறுத்தினால், பங்களிப்புக் காலத்துக்குள் தொழிலாளிக்கு வேண்டிய 78 நாள் பங்களிப்புக் கணக்கு உடையும். 78 நாள் இல்லாவிட்டால் 70 சதவீத நோய்க்கால உதவித்தொகை கிடையாது.

இ.எஸ்.ஐ. பதிவுப் படிவத்தில் மருந்தகம் (சிகிச்சைக்குப் போகும் இடம்) தேர்வு செய்யும் கட்டத்தைப் பட்டறையில் உட்கார்ந்திருப்பவர் அவசரத்தில் நிரப்புகிறார். தானாகப் பாலக்காடு வந்துவிடும். தொழிலாளியின் மனைவியும் அம்மாவும் இருப்பதோ கோவையில். குடும்பத்துக்குத் தனி மருந்தகம் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டமே உண்டு. அதில் மாநிலத்தை மாற்றிக் கோவையைக் குறிக்க வேண்டும். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கும் இந்தக் கட்டம்தான் வாசல். குடும்பத்தினரின் ஆதார் விவரத்தையும் அன்றைக்கே ஏற்றிவிடுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இ.எஸ்.ஐ. எண் எடுக்காமல், பத்து நாள் அவகாசம் இருக்கிறதே என்று தள்ளுவது பட்டறைகளில் ஆபத்து. அச்சில் கை நசுங்க இரண்டாம் நாளே போதும். விபத்து அறிக்கையை 24 மணி நேரத்தில் இணையத்தில் பதிய வேண்டும்.

ஒப்பந்தக்காரர் பில் வரும்போது அவர் கட்டிய சலான் மட்டும் போதாது. பெயர்ப்பட்டியலோடு கூடிய மாதாந்தரக் கணக்கைக் கேட்டு வாங்கி, வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களோடு ஒவ்வொன்றாக டிக் அடித்துவிட்டு, அதற்கப்புறம் பணம் கொடுங்கள். அவர் கட்டாததை வசூலிக்க அதிகாரி முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான்.