ஒரு ரிசீவர், இரண்டு குழல்கள்

கனடாவுக்கு வந்த நான்காவது வருடம்தான் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். ஒரு ரிசீவருக்கு இரண்டு குழல் சேர்த்து எனக்கென்று ஒரு வேட்டை ரைபிள் அமைத்த கதை அங்கேதான் தொடங்குகிறது. ஆசை முன்பே வந்திருந்தது. ஆனால் விண்ணப்பத்தில், நம்மைக் குறைந்தது 3 வருடமாக அறிந்த இரண்டு பேரின் பெயரைக் கொடுக்க வேண்டும். புதிதாக வந்தவனுக்கு அப்படி யார் இருப்பார்கள்? பட்டறையில் பக்கத்து லேத்தில் நிற்பவரும், நாங்கள் குடியிருந்த வீட்டின் மேல்தளத்துக்காரரும் என்னை அறிந்து 3 வருடம் ஆகும்வரை காத்திருந்தேன். கேட்டதும் இருவரும் சம்மதித்தார்கள். இந்த நாட்டில் எனக்காகப் பேச ஆள் இருக்கிறார்கள் என்று முதன்முதலாகத் தோன்றியது அன்றுதான்.

அதற்கு முன் பாதுகாப்பு வகுப்பு. எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, இரண்டிலும் தனித்தனியாக 80 சதவீதம் எடுக்க வேண்டும். கையில் எடுக்கும் எந்தத் துப்பாக்கியும் தோட்டா நிரம்பியது என்றே எண்ண வேண்டும். குழல் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் எப்போதும் கவனம் வேண்டும். விரல் விசையைத் தொடக்கூடாது. காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள். வாழ்க்கையில் அதுவரை துப்பாக்கியைத் தொட்டதே இல்லாத எனக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது. லேத் பழக வந்த முதல் நாளில் எனக்குக் கிடைத்ததும் அதே மாதிரிக் கண்டிப்புதான்.

முதல் முறை விண்ணப்பிப்பவர்கள் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். மனைவிக்குத் தெரியாமல் வாங்கிவிடவும் முடியாது, விண்ணப்பித்த செய்தி அவளுக்கும் போய்ச் சேரும். அது நல்ல விதி. "சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல இது எதுக்குங்க?" என்று அவள் கேட்டாள். வாதாடாமல், பூட்டு எங்கே, சாவி யாரிடம், தோட்டா எந்தப் பெட்டியில் என்று உட்கார்ந்து பேசினோம். தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டால் ரைபிள் சுடாது. இங்கே சட்டம் ஏற்கும் வைப்பு முறைகளில் அதுவும் ஒன்று. எங்கள் வீட்டில் ரைபிள் இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கும், போல்ட் வேறு பூட்டில் இருக்கும், அதன் சாவி அவளிடம். அந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

சரி, எந்த ரைபிள்? பக்கத்து லேத்துக்காரர் பல வருடமாக மான் வேட்டைக்குப் போகிறவர். அவர் கடையில் வாங்கிய ரைபிளின் குழல் தேய்ந்துவிட்டது. புதுக் குழல் போடத் துப்பாக்கிப் பட்டறையில் கொடுத்துவிட்டு, ஒரு வேட்டைப் பருவம் முழுக்கக் காத்திருந்தார். அவரைப் பார்த்துதான் புரிந்தது: குழல் என்பது தேய்ந்து மாறும் பொருள். ஒவ்வொரு வெடியிலும் சூடான வாயு அதன் தொண்டையை அரிக்கிறது. குழலும் போல்ட்டும் பொருந்தும் நடு உடலான ரிசீவர் அப்படியே நிற்கும். வரிசை எண் பொறித்திருப்பதும் அதில்தான், சட்டத்தின் கண்ணில் வெறும் ரிசீவரே ஒரு துப்பாக்கிதான். எனவே முதலில் ரிசீவரை நன்றாகப் பார்த்து வாங்குவது, குழலை நானே மாற்றிக்கொள்வது என்று முடிவெடுத்தேன்.

எனக்கு ஒரே ரைபிளில் இரண்டு வேலை நடக்க வேண்டியிருந்தது. ஒன்டாரியோவின் தென்பகுதியில் பல இடங்களில், சிறு விலங்கு வேட்டைக்கு .275 காலிபரைவிட (அங்குலத்தில் குழலின் உள்விட்டம்) பெரிய ரைபிள் கூடாது. வடக்கே மானுக்கும், மான் இனத்திலேயே பெரிய மூஸுக்கும் .308 வின்செஸ்டர் தோட்டா வேண்டும் என்று நினைத்தேன். தெற்கே ஓநாய் போன்ற சிறு விலங்கான கொயோட்டிக்கு 6.5 கிரீட்மோர் தோட்டா போதும், அதன் குண்டு .264 அங்குலம், விதிக்குள் அடங்கும்.

இங்கே ஒரு தவறு செய்தேன். ரிசீவர் கைக்கு வருமுன்பே, மலிவாகச் சுட்டுப் பழகலாம் என்று .223 என்ற சிறு தோட்டாவுக்கான குழல் ஒன்றை வாங்கிவிட்டேன். போல்ட்டின் முகத்தில், தோட்டாவின் அடிவிளிம்பு உட்காரும் குழி ஒன்று உண்டு. .223 வகைக்கு அதன் அளவு ஏறத்தாழ .378 அங்குலம்; .308 வகைக்கு .473, பெரிய மேக்னம் தோட்டாக்கள் பலவற்றுக்கு .532. குழலை மாற்றினால் மட்டும் போதாது, போல்ட்டும் பொருந்த வேண்டும். .308, 6.5 கிரீட்மோர், .243 எல்லாம் ஒரே .473 குடும்பம். ஒரே போல்ட், ரைபிளில் மாட்டும் ஒரே தோட்டாப் பெட்டி, குழல் மட்டும் மாறும். .223 குழல் இன்னும் அலமாரியில் இருக்கிறது. புதிதாக இறங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: எந்தக் குடும்பத்துத் தோட்டா என்பதை முதலில் தீர்மானியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

குழல் ரிசீவரோடு எப்படிச் சேர்கிறது என்பதுதான் இந்தத் தேர்வின் உயிர். போல்ட் மூடிய நிலையில் தோட்டா உள்ளே எவ்வளவு இடத்தில் நிற்கிறது என்பதை ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். இதைச் சரிபார்க்க, தோட்டாவின் இடத்தில் வைக்கும் அளவுக் கட்டைதான் கேஜ். .308-க்கு 'கோ' கேஜ் 1.630 அங்குலம், அதைப் போட்டால் போல்ட் மூட வேண்டும். 'நோ-கோ' கேஜ் 1.634; அதைப் போட்டால் மூடக்கூடாது. நடுவில் இருப்பது ஆயிரத்தில் நாலு பங்கு அங்குலம், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இடம் அதிகமானால் பித்தளைக் கூடு நீண்டு கிழியலாம், வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரலாம். பகல் முழுவதும் மைக்ரோமீட்டரோடு வேலை பார்க்கிறவன் நான். இந்த அளவைக் கேட்டதும் பயமும் வந்தது, ஆசையும் வந்தது.

வழக்கமான ரைபிளில், அந்தந்த ரிசீவரை அளந்து, அதற்கேற்றபடி குழலைக் கடைந்து பொருத்துவார்கள். சாவேஜ் நிறுவனம் 1958-இல் கொண்டுவந்த 110 ரைபிளில் வேறு வழி: குழலைக் கேஜின் மேல் திருகி நிறுத்தி, ஒரு நட்டால் இறுக்குவது. எளிமையானது, ஆனால் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அளவை நாமே புதிதாக அமைக்க வேண்டும். மூன்றாவது வழியில் ரிசீவரைச் செய்பவரே எல்லா ரிசீவரிலும் ஒரே அளவைக் கண்டிப்பாகப் பிடிக்கிறார். அந்த அளவை நம்பி, ரிசீவரைக் கண்ணால் பார்க்காமலேயே வேறொரு பட்டறை குழலைக் கடைந்து அனுப்புகிறது. குழலின் தடித்த விளிம்பான தோள், ரிசீவரின் முகத்தில் முட்டும்வரை திருகி இறுக்கினால் வேலை முடிந்தது. என் தேர்வு இதுதான். யாரோ ஒரு லேத்துக்காரர் எங்கேயோ ஆயிரத்தில் ஒரு பங்கைச் சரியாகப் பிடித்தார் என்பதை நம்பி, இன்னொருவர் வேலை செய்கிறார். தொழில் தெரிந்தவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஜெர்மனியின் பிளேசர் ஆர்8-ஐயும் ஆசையோடு பார்த்தேன். அதில் போல்ட் நேராகக் குழலோடு பூட்டிக்கொள்கிறது, தொலைநோக்கியும் குழலின் மேலேயே அமர்கிறது. அதனால் குழலைக் கழற்றி மாட்டினாலும் குறி அதிகம் மாறாது. அருமையான அமைப்பு. ஆனால் குழல், விசை, தோளில் அணைக்கும் கட்டை எல்லாம் அந்த ஒரே குடும்பத்துக்குள்தான் தேட வேண்டும். மாறாக, 1962-இல் வந்த ரெமிங்டன் 700 ரைபிளின், கட்டையில் அமரும் அடித்தள அளவையே பல தனி ரிசீவர் நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. கட்டையும் விசையும் பல இடங்களில் கிடைக்கும். கடைசியில் அந்த அளவில் வரும், அமெரிக்காவின் ஜெர்மாட் ஆர்ம்ஸ் செய்யும் 'ஆரிஜின்' ரிசீவரை எடுத்தேன். அதில் போல்ட்டின் தலையை மட்டும் கழற்றி மாற்ற முடியும் என்பது இன்னொரு காரணம். அலமாரியில் இருக்கும் .223 குழலுக்கும் ஒரு நாள் வழி பிறக்கும்.

அமெரிக்காவிலிருந்து ரிசீவர் வர அங்கே ஏற்றுமதி அனுமதி வேண்டும். உரிமம் பெற்ற இறக்குமதியாளர் வழியாகத்தான் வரவழைத்தேன். காத்திருந்த மாதங்களில் கேஜ்களையும், குழலைப் பிடிக்கும் வைஸையும், ரிசீவருக்குள் நுழையும் ரெஞ்சையும் சேர்த்து வைத்தேன்.

என் அமைப்பில் தொலைநோக்கி ரிசீவரின் மேல் இருப்பதால், குழல் மாறினால் குறியும் மாறும். அதற்கு ஒரே மருந்து, எழுதி வைப்பது. என் தொலைநோக்கியின் திருகு ஒரு கிளிக் நகர்ந்தால், 100 மீட்டரில் குண்டு 1 சென்டிமீட்டர் நகரும். எனக்கு .308-இலிருந்து 6.5-க்கு மாறும்போது மேலே 8 கிளிக், இடது பக்கம் 3. அது எனக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு, ஒவ்வொருவரும் சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படியும் வேட்டைக்குப் போகுமுன் மூன்று தோட்டாவாவது சுட்டுப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை. விலங்குக்கு நாம் காட்ட வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, நிலவறையில் முதல் குழலைத் திருகினேன். மரைகளில் கிரீஸ் பூசி, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் 80 அடி-பவுண்டு வைத்து இறுக்கினேன். மனைவி படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போல்ட் சாவியை அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். வெடியூசியைக் கழற்றிய போல்ட்டை உள்ளே விட்டு, கோ கேஜைப் போட்டேன். கைப்பிடி தன் எடையிலேயே கீழே இறங்கியது. அதை எடுத்துவிட்டு நோ-கோவைப் போட்டேன். பாதியில் நின்றுவிட்டது. விரலால் லேசாக அழுத்தினேன், அசையவில்லை.

"நின்னா நல்லதா, கெட்டதா?" என்று கேட்டாள்.

"நல்லது" என்றேன். அவளையும் ஒருமுறை மூடிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். பிறகு போல்ட்டைக் கழற்றித் துடைத்துத் தானே எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.