ஆணி தெரியக் கூடாது

“ஒட்டுனது விழுமா, விழாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க தம்பி.”

தன் கட்டிடத்தின் வெளிச்சுவரில் நாங்கள் பதிக்கப்போகும் போர்டுகளைப் பற்றி அண்ணாச்சி கேட்டது அவ்வளவுதான். “விழாதுன்னு என்னால எழுதித் தர முடியாது அண்ணாச்சி” என்றேன். கொஞ்ச நேரம் சாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, ரிவெட்டே அடிச்சுக்கோங்க. தகரக் கொட்டா மாதிரி இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். ரிவெட் என்றால் போர்டின் முன்பக்கமே அடிக்கிற, தலை வெளியே தெரிகிற ஆணி மாதிரி.

வரைபடத்தில் முதலில் இருந்தது 12 மி.மீ. ஃபைபர் சிமென்ட் போர்டும் (சிமென்டில் நார் கலந்து செய்த பலகை) அண்டர்கட் ஆங்கரும். போர்டின் முதுகில் துளை போட்டு, அடியில் மட்டும் அகலப்படுத்த வேண்டும். ஆங்கர் உள்ளே விரிந்து கவ்விக்கொள்ளும். முன்முகத்தில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. அதில் கொக்கியை மாட்டிக் குறுக்கு ரெயிலில் தொங்கவிட்டால் முடிந்தது. நாளைக்கு ஒரு போர்டு உடைந்தால் கழற்றி மாற்றவும் வழி உண்டு. விலையைப் பார்த்ததும் அது 8 மி.மீ. போர்டாகவும் பசையாகவும் மாறியது. “இதுலயும் ஆணி தெரியாதுல்லா, அப்புறம் என்ன?” என்றார் அண்ணாச்சி. அவர் கேட்டதில் தப்பில்லை.

பசை மட்டமான முறை என்று நான் எங்கும் சொல்லவில்லை. வெளிநாடுகளில் பல வருடமாக அப்படித்தான் ஒட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பசைக்கு ஒரு ஆசாரம் இருக்கிறது. சுவரில் நிறுத்திய அலுமினியச் சட்டமான ப்ரொஃபைலையும் போர்டின் முதுகையும் துடைத்து, பசை பிடிப்பதற்கான முதல் பூச்சான ப்ரைமரைப் பூசி, அது காயும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டுகிற 3 மி.மீ. டேப்பை ஒட்டி, பக்கத்தில் பசையை மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். பசை இறுகும்வரை போர்டைத் தாங்குவது அந்த டேப்தான். பொதுவாக 35 டிகிரியைத் தாண்டினால் ஒட்டக் கூடாது என்பார்கள். நம்ம ஊர் வெயிலில் பதினொரு மணிக்கு ப்ரொஃபைலில் கையை வைக்க முடியாது. ஆடியில் தென்காசிக்குச் சாரல் என்றால் நமக்குப் புழுதி. ப்ரைமர் பூசிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். நரநரவென்றது. அதன்மேல் பசையை இழுத்தால் அது அலுமினியத்தையா பிடிக்கும், மண்ணையா?

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று: பையன்கள் ப்ரைமர் காயும்வரை சும்மா நிற்கக்கூடியவர்கள் இல்லை. அதையும் சொல்லியிருந்தால் வேலையே கைவிட்டுப் போயிருக்கும். எந்தக் காண்ட்ராக்டரும் சொல்ல மாட்டான். ஆனால் நான் அன்றைக்குப் பயந்தது பசையையா, எங்கள் கைவேலையையா என்று இப்போது கேட்டால் பதில் சொல்லத் தடுமாறுவேன்.

ரிவெட் அடித்ததும் லேசான வேலை இல்லை. மூன்று மீட்டர் அலுமினிய ப்ரொஃபைலில் சூடு 40 டிகிரி கூடினால் அது கிட்டத்தட்ட 3 மி.மீ. நீளும். அதனால் போர்டுக்கு ஒன்றிரண்டு இடத்தில்தான் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மற்ற துளைகளைப் பெரிதாக விட வேண்டும். எல்லாவற்றையும் இறுக்கினால் போர்டு வெடிக்கும். போர்டின் நிறத்திலேயே தலை உள்ள ரிவெட் வரவழைத்தேன். பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. அண்ணாச்சிக்கு மட்டும் தெரிகிறது.

மேற்குப் பக்கத்துக்குத்தான் ரிவெட். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று நேராக அறைவது அங்கேதான். கிழக்கே ரோட்டைப் பார்த்த முகப்பு அண்ணாச்சிக்கு உயிர். அங்கே வெறும் பசை போதும் என்று ஒத்துக்கொண்டேன். எழுதித் தர முடியாது என்று சொன்ன அதே வாய்தான். “ஏண்ணே, கிழக்க மட்டும் காத்துக்கு லீவா?” என்று கேட்டான் எங்கள் பிட்டர். காற்று எதிர்ப்பக்கத்திலும் கட்டிட மூலைகளிலும் போர்டை வெளியே இழுக்கும் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காலையில் ஏழு மணிக்கே ஆரம்பித்து, வெயில் ஏறுமுன் நிறுத்தி, ஒவ்வொரு போர்டுக்கும் நானே பக்கத்தில் நின்று ஒட்ட வைத்தேன். அப்படியென்றால் மேற்கிலும் அதையே செய்திருக்கலாமே என்பார்கள். மேற்கில் காலையிலேயே புழுதி, அதுதான் வித்தியாசம். அந்த நேரத்தில் அது எனக்குப் போதுமான காரணமாகப் பட்டது.

இரண்டு பக்கமும் இன்றைக்கு வரை அசையவில்லை. கிழக்கு நிற்பதைப் பார்த்தால், தேவையில்லாமல் அவரைப் பயமுறுத்திவிட்டோமோ என்று தோன்றும். ஆடி பிறந்து காற்று ஊளையிடும்போது அந்த எண்ணம் போய்விடும். அப்போது கிழக்கிலும் நாலு ரிவெட் அடித்திருக்கலாம் என்று இருக்கும்.

போன மாதம் அண்ணாச்சியே போன் செய்தார். பாளையங்கோட்டைப் பக்கம் கல்யாண மண்டபம் கட்டுகிறாராம். “இந்தத் தடவையும் ஆணிதானா?” என்றார். தொங்கவிடுகிற முறைக்கு ஒரு விலை, பசைக்கு ஒரு விலை என்று இரண்டும் போட்டு வைத்திருக்கிறேன். முதலாவதை அனுப்பிவிட்டேன். பசையின் விலை இன்னும் போனிலேயே கிடக்கிறது.