சிம்ப்சன் பாலைவனத்துக்கு எத்தனை கேன் டீசல்?

ஆஸ்திரேலியாவின் நடுவே கிடக்கும் இந்த மணல்காட்டைத் தாண்டப்போவது டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப். அதன் டேங்க் 80 லிட்டர். மேற்கே மவுண்ட் டேரில் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் அடுத்த டீசல் கிழக்கே பேர்ட்ஸ்வில்லில்தான். ஃபிரெஞ்ச் லைன் என்ற மணல்தடம் வழியாக இடையில் சுமார் 500 கிலோமீட்டர். தாண்ட வேண்டிய மணல்மேடுகள் ஆயிரத்துக்கும் மேல். தார்ச்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு 9 லிட்டர் குடிக்கிற வண்டி, சாமான் ஏற்றிக்கொண்டு மணலில் ஓடும்போது 16 முதல் 20 வரை கேட்கும். ஒரு மேட்டில் பாதி ஏறி நின்று, பின்னால் வந்து, மறுபடி ஏறினால் அதற்கும் டீசல்தான்.

18 லிட்டர் என்று வைத்தால் 500 கிலோமீட்டருக்கு 90. சுற்றிப்போவது, சிக்கிய வண்டியை இழுத்துவிடுவது என்று 20 சதவீதம் கூட்டினால் 108. டேங்கின் அடியில் கிடக்கும் கடைசி 5 லிட்டரை நம்பக் கூடாது. ஆக டேங்கில் 75. குறைவது 33. இருபது லிட்டர் கேன் இரண்டு போதும். நான்கு கேன் கட்டுவது பயத்தில் போடும் கணக்கு. டீசல் லிட்டருக்கு 0.84 கிலோ, இரும்பு கேனையும் சேர்த்தால் ஒவ்வொன்றும் 21 கிலோ. அந்த எடையைச் சுமக்கவும் டீசல் வேண்டும்.

கேன் வாங்குவதற்கு முன் டயரில் காற்றைக் குறையுங்கள். 16–18 பிஎஸ்ஐயில் ஏறுகிற மேட்டை 35 பிஎஸ்ஐயில் மூன்று தடவை முட்ட வேண்டியிருக்கும். திசையும் முக்கியம். இந்த மேடுகளின் கிழக்குச் சரிவு செங்குத்து, மேற்குச் சரிவு சாய்வு. மேற்கிலிருந்து கிழக்கே போனால் செலவு குறையும். எதிர்த்திசையில் போகிறவர்கள் இன்னொரு கேன் சேர்த்துக்கொள்ளட்டும்.

கேனை எங்கே வைப்பது? ட்ரேயில், அதாவது பின்னால் சாமான் ஏற்றும் தட்டில், கேபினை ஒட்டிய முன்சுவரோரம், ட்ரேயின் தரைமட்டத்தில். இரண்டு வரிசை இருக்கை உள்ள டபுள் கேப் வண்டியில் ட்ரேயின் பின்பாதி பின் ஆக்சிலுக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும். பின்கதவான டெயில்கேட் பக்கம் எடையைக் குவித்தால் முன்சக்கரத்தின் பிடி குறையும். குண்டும் குழியுமான பாதையில் சேஸிஸே வளைந்துபோன வண்டிகள் உண்டு. கூரை வேண்டவே வேண்டாம். மேட்டில் குறுக்காகச் சரியும்போது தலைக்கு மேல் 42 கிலோ என்பது வண்டியைக் கவிழ்க்கப் போதுமான உதவி. கேபினுக்குள்ளும் கூடாது.

ட்ரேயின் மேல் கூண்டுபோல் மூடிய கேனோப்பிக்குள் டீசல் என்றால் வாடையோடு போகும், அதற்கும் காற்றோட்டம் வேண்டும். பெட்ரோல் வண்டிக்காரர்கள் கேனோப்பியை மறந்துவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கீழே தேங்கும். பக்கத்திலேயே ஃபிரிட்ஜ், ரிலே, பேட்டரி என்று தீப்பொறிக்கு வேண்டிய எல்லாம் இருக்கும்.

நிரப்பும்போது கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். இதில் சோம்பல் கூடாது. ட்ரேயில் பிளாஸ்டிக் லைனர் என்ற உள்விரிப்பு இருந்தால், எரிபொருள் பாயும்போது சேரும் நிலைமின்சாரம் பூமிக்கு இறங்க வழியில்லை. பம்பின் நாசில் கேன் வாயருகே வரும்போது பொறி தட்டும். பிக்கப் லைனரின் மேல் வைத்து நிரப்பிய பெட்ரோல் கேன்கள் இப்படித் தீப்பிடித்திருக்கின்றன. தரையில் வைத்து, நாசில் கேன் வாயைத் தொட்டபடியே மெதுவாக நிரப்ப வேண்டும். டீசலுக்கு ஆபத்து குறைவு, பழக்கம் ஒன்றாகவே இருக்கட்டும். விளிம்புவரை நிரப்பாதீர்கள்: குளிர்ந்த காலையில் பிடித்த 20 லிட்டர் வெயிலில் 40 டிகிரி சூடேறினால் அரை லிட்டருக்கு மேல் விரியும்.

இரும்பு கேனில் முதலில் கெடுவது மூடியின் ரப்பர் வாஷர். நகத்தால் அழுத்துங்கள்; பள்ளம் விழாவிட்டால் மாற்றுங்கள். மாற்றியபின் கேனை நிரப்பி, கீழே செய்தித்தாள் விரித்து, ஒரு ராத்திரி படுக்கவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்த எதிரி உராய்வு. கேனுக்கும் ட்ரேக்கும் நடுவில் புகும் செம்மண் தூசி உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். முதலில் பெயின்ட் போகும், அப்புறம் தகடு. அடியில் ரப்பர் பாய், இரண்டு கேனுக்கும் நடுவில் ஒரு ரப்பர் துண்டு, மேலே குறுக்காக ராட்செட் பெல்ட். அதிர்வில் பெல்ட் தளரும். முதல் 20 கிலோமீட்டரில் ஒரு தடவை, அப்புறம் நிற்கும் இடமெல்லாம் இழுத்துப் பாருங்கள்.

டேங்க் காலியாகும்வரை கேனைத் தொடாமல் வைத்திருப்பது பலரின் வழக்கம். அது சரியில்லை. முள் பாதிக்கு வந்ததும் அன்று மாலை முகாமிலேயே இரண்டையும் ஊற்றிவிடுங்கள். எடை மேலிருந்து கீழே, டேங்குக்கு இறங்கும். கேன் கசிந்து குறைந்திருந்தால் திரும்பிப்போக இன்னும் டீசல் இருக்கும்போதே தெரியும்.

இன்ஜினை நிறுத்தி, அடுப்பை அணைத்து, மூடியைச் சுற்றியுள்ள தூசியைத் துணியால் துடைத்த பிறகே திறக்க வேண்டும். டீசலை உயர் அழுத்தத்தில் இன்ஜினுக்குள் பீய்ச்சும் காமன் ரெயில் இன்ஜெக்டரைக் கெடுக்க ஒரு சிட்டிகை மணலே போதும். கேனைத் தூக்கிச் சாய்ப்பதைவிட, குலுக்கினால் ஓடத் தொடங்கும் சைபன் குழாய் நல்லது: கேன் ட்ரேயின் விளிம்பு உயரத்தில், குழாயின் மறுமுனை தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டிப் புனலில். காலியான கேனையும் இறுக மூடியே கட்டுங்கள். பெட்ரோல் கேன் என்றால், உள்ளே மிச்சமிருக்கும் ஆவி, பெட்ரோல் நிறைந்த கேனைவிட மோசம்.