பள்ளிக்கூடக் கிணறு இறைத்தவர்

உங்களைப் படிப்பித்த ஒருவரைப் பற்றி மலருக்கு எழுதித் தாருங்கள் என்று எங்கள் பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டபோது, மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒருவரின் முகம்தான் எனக்கு வந்தது. என் ஐயா. இந்தத் தையோடு அவர் போய் 30 வருடம்.

ஐயாவுக்கென்று ஒரு பரப்புக் காணியும் இருக்கவில்லை. கூலிக்குத் தோட்டம் கொத்துவார், பாத்தி கட்டுவார், வெங்காயம் கிண்டுவார். 1970களில் சிறிமாவோ அம்மையாரின் அரசாங்கம் வெளிநாட்டு வெங்காயத்தையும் மிளகாயையும் மறித்திருந்த காலத்தில் எங்கள் யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணுக்கு யோகம் அடித்தது. காணிக்காரர் கல்வீடு கட்டினார்கள். ஐயாவுக்கு நாள் தவறாமல் வேலை கிடைத்தது. அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து நாலு பரப்பைக் குத்தகைக்கு எடுத்து ஆயிரம் புகையிலைக் கன்று வைத்தார். அக்காவின் கலியாணம், அப்பாச்சியின் மருந்து, என் கொப்பி, பேனை எல்லாம் அந்தக் கன்றுகளை நம்பியே இருந்தன.

புகையிலைக்குக் கெட்டு, அதாவது பக்கக் கொழுந்து, உடைத்தவர்களுக்குத் தெரியும், கையில் ஒட்டும் பிசின் கறுத்துப்போனால் சவர்க்காரத்துக்கு அசையாது. ஏழாம் வகுப்பில் ஒரு திங்கட்கிழமை, விடிய நாலு மணிக்கு ஐயாவோடு போய் உடைத்துவிட்டு மணி அடிக்கமுதல் ஓடிவந்து வரிசையில் நின்றேன். நகம் பார்க்க வந்த வாத்தியார் என் இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார்.

"இந்தக் கைக்கு என்னத்துக்குப் பேனை?"

அவருடைய பெயரை எழுத மாட்டேன். நன்றாகக் கணக்குப் படிப்பித்தவர். நான் இங்கே கனடாவில் சம்பளம் வாங்குவது அந்தக் கணக்கை வைத்துத்தான். அந்த நன்றி குறையவில்லை, அந்தத் திங்கட்கிழமையும் ஆறவில்லை.

வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. தங்கச்சி சொல்லிவிட்டாள். அன்றிரவு ஐயா என்னை விளக்கடியில் இருத்தி, தேசிக்காயும் சாம்பலும் போட்டுத் தேங்காய்ப் பொச்சால் என் கைகளைத் தேய்த்தார். விரல் விரலாகத் தேய்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடிய நான் எழும்ப, "நீ படு மோனை, கெட்டு நான் பாக்கிறன்" என்றார்.

நான் போர்வையை இழுத்து மூடினேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதை எழுதத்தான் இத்தனை வருடம் பின்போட்டேன். அவர் படலையைச் சாத்திக்கொண்டு தனியே போகும் சத்தத்தைக் கேட்டபடி நித்திரையாகிப் போனேன். அதற்குப் பிறகு அவரோடு தோட்டத்துக்குப் போனதே இல்லை. அவர் கூப்பிடவும் இல்லை. 1977 இல் இறக்குமதியைத் திறந்துவிட வெங்காய விலை விழுந்தது. குத்தகைக் காணியும் கையை விட்டுப் போக, ஐயா திரும்பவும் முழுநாள் கூலிக்காரர் ஆனார். அப்போதும் கூப்பிடவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடிக் கிணற்றை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு சித்திரை லீவில் அதைக் கலக்கி இறைக்க உள்ளே இறங்கியவர் ஐயாதான். பின்னேரம் வரையும் சேற்றை வாளி வாளியாக நிரப்பி அனுப்பிவிட்டு மேலே வந்தார். ஊறிய புதுத் தண்ணீரைத் தானே அள்ளி, கிணற்றுக் கட்டிலேயே நின்று அண்ணாந்து குடித்தார். இதை ஏன் எழுதுகிறேன் என்று எங்கள் ஊரவர்களுக்கு விளங்கும். சாதி சொல்லி ஆட்களை மறிப்பது குற்றமென்று 1957 இலேயே சட்டம் வந்திருந்தும், அவர் வேலை செய்த வளவுகளில் அவருக்குத் தேத்தண்ணி சிரட்டையில்தான் வந்தது. கிணற்றுக் கட்டில் ஏற முடியாது. அன்று வாளியை வைத்துவிட்டு, "உங்கட பள்ளிக்கூடத்துத் தண்ணி நல்ல தண்ணியடா" என்றார்.

1986 இல் அம்மாவின் தாலிக்கொடியும் இரண்டு மாடும் என்னைக் கனடாவுக்கு அனுப்பின. 1990க்குப் பிறகு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர் இறைக்கும் மிசின்கள் நின்றபோது, அறுபது தாண்டிய மனிசன் திரும்பக் கிணற்றுத் துலா மிதிக்கப் போனார். நான் அனுப்பிய காசில் தனக்கென்று அவர் ஒரு சாரம் வாங்கியதாகக்கூட எந்தக் கடிதத்திலும் இல்லை. பேரப்பிள்ளைகளின் சப்பாத்துக் கணக்குத்தான் இருந்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்க எங்கள் வலிகாமப் பகுதி முழுதுமே வெளிக்கிட்டபோது, அம்மாவைச் சைக்கிளில் இருத்தி மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியிருக்கிறார். மீசாலையில் யாரோ ஒருவரின் வளவில் கொட்டில். இரண்டாம் நாளே மண்வெட்டி இரவல் கேட்டாராம்.

தையில் போய்விட்டார். கடிதம் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் அக்கா எழுதியிருந்தா:

"ஐயா பிள்ளையளுக்கெண்டு கொட்டிலடியில வைச்ச கத்தரி காய்ச்சது தம்பி. எட்டுச் செலவுப் படையலுக்கு அதைத்தான் கறி வைச்சனாங்கள்."